ஒரு கட்டை இறக்கி

நீலாங்கரை, சென்னை
9 ஜூன் 2024

பொலின்,

நான் கடைசியா பேனா புடிச்சு எழுதுனது எங்கப்பாவுக்கு. 'நடிக்கப் போறேன், தேடாதீங்க'ன்னு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து எழுதினேன். அதுக்கப்புறம் எனக்காக எழுத ஆளுங்க வந்துட்டாங்க. இப்ப நீ என் நம்பர பிளாக் பண்ணிட்ட. கொளஞ்சி நம்பரையும் பண்ணிட்ட. புது நம்பரா வாங்கி வாங்கிப் பாத்தேன். கடைசியில உன் போனே இல்லன்னு தெரிஞ்சுது. அதான் இந்தப் பேப்பர். கொளஞ்சிகிட்டயே குடுத்து அனுப்புறேன். நான் நடிக்க வந்ததுல இருந்து எங்கூட இருக்கறவன், பத்திரமா சேப்பான்.

நம்ம கல்யாணத்துக்கு ஒரு வாரம். பொடவ எடுக்கப் போன கடையில இருந்து அப்படியே டாக்சி புடிச்சு பாண்டிச்சேரி போயிட்ட. வெளிய நிக்கற கேமராக்காரனுங்க கேட் மேல ஏறாத குறை. உனக்கு ஒடம்பு சரியில்ல, கல்யாணம் தள்ளிப் போயிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். உன்னப் பத்தி ஒருத்தன் தப்பாப் பேச விடல.

அந்தப் புது ஹீரோ படத்துல இருந்து உன் பாட்டு ரெண்டையும் எடுக்கச் சொன்னது நான்தான். மியூசிக் போட்ட கோபிநாத்தே உன்கிட்ட சொல்லிட்டான், இனிமே என்ன மறைக்கறது. ஏன் சொன்னேன்னு யோசிச்சியா? ஸ்க்ரீன்ல எவளோ ஒருத்தி வாயசைக்கறா, சரி. குரல் உன்னுது. நீயே அவனப் பாத்து உருகற மாதிரி எனக்குக் கேட்டுது. அத ஊரு பூரா கேக்கும். என்னால முடியல.

சிங்கப்பூர் கச்சேரியில முன்வரிசை மொத்தத்தையும் வாங்கி நடுவுல நான் மட்டும் ஒக்காந்தேனே, அன்னைக்கு மேடையில நின்னு சிரிச்ச. அதே ஆள்தான் நான். ஒண்ணும் மாறிடல.

வந்துடு. இல்லன்னா நான் வரேன்.

ராஜவேல்

*

லபோர்தனே வீதி, புதுச்சேரி
17 ஜூன் 2024

ராஜவேல்,

உங்க கடிதம் கெடைச்சுது. கொளஞ்சி அண்ணன் கொண்டாந்து குடுத்தார். குடுத்துட்டுப் போகல. எதிர் டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து எங்க வாசலையே பாத்துட்டிருக்கார். நீங்கதான் ஒக்காரச் சொன்னீங்கன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. வெயில்ல வாடறாரேன்னு ஜிசேல் அத்தை மத்தியானம் சோறு குடுத்து அனுப்புறாங்க. தயவுசெஞ்சு அவரத் திருப்பி அழைச்சுக்குங்க. எழுதறதுன்னா தபால்ல போடுங்க. தபால் ஒரு தடவதான் வரும். போன்னா நாள் பூரா வந்துட்டே இருக்கும், அதான் தூக்கிப் போட்டுட்டேன்.

எனக்குப் பேச்சு வரல. கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனைக்காதீங்க. கோபிநாத் சார் சொன்னதும் நான் கத்துன கத்துல தொண்டையில ரத்தம் கசிஞ்சிருக்கு. ஏற்கனவே குரல் நாண்ல வீக்கம் இருந்துச்சாம். கொஞ்ச நாளைக்கு வாயே தெறக்கக்கூடாது, பாட்ட நெனைக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர். வீட்டுல எல்லாத்தையும் சிலேட்டுல எழுதிக் காட்டறேன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து ரிட்டயர் ஆனவர் இல்லியா, என் பிரெஞ்சுல இருக்கற தப்ப திருத்திட்டுதான் பதில் சொல்றார். என் தமிழ் எப்படியும் லிசே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவ தமிழ். தப்பு இருந்தா நீங்களும் திருத்திக்குங்க.

உங்களுக்கு ஒண்ணு புரியல. பொங்கல் சமயத்துல அந்தப் பாட்டு ரெண்டும் போச்சுன்னு சொன்னப்ப, என் குரல்தான் சரியில்லன்னு நெனச்சேன். அதனாலதான் விடியக்காலையில எழுந்து தொண்டை கிழியற வரைக்கும் சாதகம் பண்ணேன். மாசக்கணக்கா பண்ணேன். வலிச்சாலும் விடல. உங்க மடியில படுத்து அழுதேன். என் கண்ணத் தொடச்சு விட்டது யாரு? 'உன் அருமை தெரியாதவனுங்க, விடு'ன்னு சொன்னது யாரு?

பாட்ட எடுத்ததக்கூட நான் தாண்டிடுவேன். கண்ணத் தொடச்சு விட்டதத்தான் தாண்ட முடியல.

இங்க வராதீங்க.

பொலின்

*

நீலாங்கரை
1 ஜூலை 2024

பொலின்,

'நீங்க'ன்னு எழுதியிருக்க. மூணு வருஷமா என்ன 'நீ'ன்னு கூப்புட்டவ. அத ஒரு தடவதான் படிச்சேன், மறுபடி அந்தப் பக்கத்தத் தொட முடியல.

கொளஞ்சிய அழைச்சுக்கிட்டேன். உங்க அத்தை மீன் கொழம்பப் பத்தியே பேசிட்டிருக்கான்.

உன் குரலுக்கு நான் பொறுப்பு. அமெரிக்காவுல ஒரு சர்ஜன் இருக்கார், உலகத்துல இருக்கற பெரிய பெரிய பாடகருங்க அவருகிட்டதான் போறாங்க. பேசிட்டேன். எப்ப வேணா வரலாம்னு சொல்லிட்டார். கூட யாரு வரணுமோ வரட்டும், ஜாக் அப்பா, அத்தை, எல்லாரும். நான் வேற பிளைட்டுல வரேன், போதுமா?

இன்னொண்ணு. உங்க வீட்டுக்கு எதிர்ல பூட்டிக் கெடந்த மஞ்சள் வீட்ட வாங்கிட்டேன். மொறைக்காத. தொந்தரவு குடுக்க மாட்டேன். மாடி ஜன்னல்ல நின்னா உங்க வாசல் தெரியும், அது போதும் எனக்கு. நீ பால் வாங்க வெளிய வரும்போது ஒரு தடவ பாத்துட்டு ஷூட்டிங் போயிடுவேன். சாப்பாடு எறங்கல பொலின். டைரக்டர் 'இளைச்சிட்டீங்க, கேரக்டருக்கு சரியா இருக்கு'ங்கறார். சிரிப்பா வருது.

வர்ற மாசத்துக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம வரேன். பத்து நிமிஷம். நீ பேச வேணாம். நான் பேசறேன்.

ராஜவேல்

*

புதுச்சேரி
23 ஜூலை 2024

ராஜவேல்,

அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார். வலது மணிக்கட்டுல ரெண்டு எலும்பு ஒடஞ்சிருக்கு. நெத்தியில தையல். நீ டிவியில பாத்திருக்க மாட்ட. டிவியில உன்னத்தான் காட்டுனாங்க.

நீ வர்றது உனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்னு நெனச்சியா? வீடு வாங்குனப்பவே ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கெழம கார்த்தாலயே தெரு ரெண்டு முனையிலயும் உன் மன்றத்து ஆளுங்க. நானும் அத்தையும் சாம்பா மாதா கோயில் பூசை முடிஞ்சு வந்து பின்பக்கமா வீட்டுக்குள்ள நொழஞ்சோம். உன் கார் வந்ததும் கூட்டம் எங்க கேட் மேல சாஞ்சுது. அப்பா அத மூடப் போனார். அறுபத்தெட்டு வயசு. 'மெசியே, மெசியே, கொஞ்சம் நகருங்க'ன்னு சொல்லிட்டே போனார். கேட் பேந்து விழுந்துச்சு. அவரு அடியில.

நான் 'அப்பா'ன்னு கத்தறதுக்கு வாயத் தெறந்தேன். காத்துதான் வந்துச்சு. கூட்டத்துக்கு நடுவுல ஊமையா நின்னேன். ஒருத்தர் என்னப் பாத்துட்டு செல்ஃபி எடுத்தார்.

அப்ப நீ எங்க இருந்த தெரியுமா? கார் மேல ஏறி நின்னு எல்லாருக்கும் கையசைச்சிட்டிருந்த.

கூட்டத்த அமைதிப்படுத்தத்தான் ஏறினேன்னு சொல்வ. சொல்லாத. உனக்கு என்னப் பாக்கணும். அதுக்காக நீ என்ன வேணா வாங்குவ, எங்க வேணா வருவ, எதையும் இடிச்சுட்டு வருவ. இதுக்குப் பேர் ஆசைன்னா எனக்கு ஆசையே வேணாம்.

உன் சர்ஜன் வேணாம். உன் ஜன்னல் வேணாம்.

பொலின்

*

நீலாங்கரை
30 ஜூலை 2024

பொலின்,

நான் பாக்கல. சத்தியமா பாக்கல. அதுதான் பெரிய தப்புன்னு உன் லெட்டரப் படிச்சப்புறம் புரியுது. உன் வீட்டு வாசல்ல நின்னுட்டு உங்கப்பா விழுந்தத நான் பாக்கல.

ஆஸ்பத்திரிக்கு வரல. வந்தா இன்னொரு கூட்டம் வரும். கொளஞ்சி வந்து ஜாக் அப்பாவப் பாத்துட்டு வந்தான். 'ஒரு சினிமா ஹீரோ என் கையொடச்சிட்டான்னு வார்டு பூரா சொல்லிட்டிருக்கேன், நர்சுங்க ஒருத்தரும் நம்பல'ன்னு சொன்னாராம். நான் சிரிக்கல. சிரிக்கற தகுதி இல்ல.

நீ எழுதற வரைக்கும் இனிமே எழுத மாட்டேன். நீ எழுதாமலே விட்டாலும் சரி.

ராஜவேல்

*

புதுச்சேரி
20 அக்டோபர் 2024

ராஜவேல்,

நீ நெஜமாவே எழுதல. முதல் மாசம், இது ஒரு நடிப்பு, அடுத்த வாரம் ஏதாவது வரும்னு பாத்துட்டிருந்தேன். ரெண்டாவது மாசம் தபால்காரர் சைக்கிள் பெல் அடிச்சா எட்டிப் பாத்தேன். எதுக்குப் பாக்கறேன்னு எனக்கே கோவம். இப்ப எதிர் வீட்டுக்கு வேற ஆளுங்க குடி வந்துட்டாங்க. பேக்கரி வெச்சிருக்கறவங்களாம், தெருவே வெண்ணெய் வாசம். நீ வித்துட்டன்னு அப்பதான் தெரிஞ்சுது.

அப்பா கட்டு பிரிச்சாச்சு. கடற்கரைப் பக்கம் இரும்புக் குண்டு உருட்டி வெளையாடுவாரே, இப்ப எடது கையால ஆடறார். தெனமும் தோத்துட்டு வந்து மத்தவங்க ஏமாத்தறாங்கன்னு சொல்றார்.

உழவர்கரையில சரிதாங்கற ஒரு குரல் தெரபிஸ்ட்கிட்ட போறேன். என்ன விட சின்னப் பொண்ணு. டம்ளர் தண்ணியில ஸ்ட்ராவ விட்டு 'ஊ'ன்னு ஊதச் சொல்றா. தேசிய விருது வாங்குன பாடகி, ஜூஸ் குடிக்கத் தெரியாத கொழந்த மாதிரி குமிழி விட்டுட்டிருக்கேன். ரெண்டு மாசம் குமிழி. போன வாரம் முதல் தடவையா ஒரு 'ஸ' நடுங்காம நின்னுச்சு. மேல போகல. கீழ நல்லா எறங்குது. பழைய குரல் வருமான்னு கேட்டேன். 'வராது, வேற ஒண்ணு வரும்'னு சொன்னா. ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் திரும்ப ஸ்ட்ராவ எடுத்தேன்.

இத ஏன் உனக்கு எழுதறேன்னா, வாய மூடிட்டு இருந்ததுல நெறைய யோசிச்சேன். உன்ன மட்டும் பைத்தியம்னு சொல்லிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. நீ ஜார்ஜியாவுல ஷூட்டிங்ல இருந்தப்ப, சொல்லாம கொள்ளாம பிளைட் ஏறி வந்து நின்னேன். உனக்கு சர்ப்ரைஸ்னு எல்லாரும் கை தட்டுனாங்க. நீ யாரு பக்கத்துல ஒக்காந்து சாப்பிடறன்னு பாக்கத்தான் வந்தேன். உன் டிரெஸ் டிசைனர் சிவசங்கரி உன் சட்டைக் காலர சரி பண்ணிட்டிருந்தாங்க. அது அவங்க வேல. அடுத்த படத்துல அவங்க இல்ல. யாரு அவங்கள வேணாம்னு சொன்னதுன்னு நீ கேக்கவே இல்ல. கேக்காம ரசிச்ச. நான் உன்மேல இவ்ளோ ஆசையா இருக்கேன்னு சந்தோஷப்பட்ட.

நீ என் பாட்ட எடுத்த. நான் அவங்க வேலைய எடுத்தேன். ரெண்டும் ஒண்ணுதான்.

போன மாசம் பேச்சு லேசா வந்ததும் சிவசங்கரியப் பாத்து மன்னிப்புக் கேட்டேன். மகாபலிபுரம் பக்கம் ஒரு ரெஸ்டாரண்ட்ல. முழுசா கேட்டுட்டு, 'பரவால்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா வந்ததுக்கு தேங்க்ஸ்'னாங்க. பில்ல அவங்களே குடுத்துட்டாங்க. என்னால நிமிர்ந்து பாக்க முடியல.

நீ எப்படி இருக்க?

பொலின்

*

நீலாங்கரை
16 நவம்பர் 2024

பொலின்,

'எப்படி இருக்க'ன்னு கேட்டிருக்க. அதுக்கு மட்டும் பதில் எழுதலாம்னு நாலு தடவ கிழிச்சுப் போட்டேன்.

டாக்டர்கிட்ட போறேன். மனசு டாக்டர். மயிலாப்பூர்ல ஒரு அம்மா. முதல் நாள் என்னத் தெரியாத மாதிரியே நடந்துக்கிட்டாங்க, எனக்கு சுருக்குன்னுச்சு. உண்மையிலயே தெரியாதாம், படம் பாக்கற பழக்கம் இல்லியாம். மூணாவது தடவ போனப்ப ஒண்ணு கேட்டாங்க. 'அவங்க உங்களப் பத்தி நெனைக்காத நேரத்துல நீங்க யாரு?' பதில் இன்னும் முழுசாத் தெரியல. ஆனா இப்ப காலையில கடல்ல நீந்தறேன். யாருக்கும் போட்டோ அனுப்பறதில்ல.

நீ அதுக்குள்ள கேள்விப்பட்டிருப்ப. என் படத்தோட பாட்டு வெளியீட்டு விழாவுல மைக்க வாங்கி சொல்லிட்டேன். 'பொலின் பாடுன ரெண்டு பாட்ட இன்னொரு படத்துல இருந்து எடுக்க வெச்சது நான். கால்ஷீட் தர மாட்டேன்னு புரொடியூசர மெரட்டி எடுக்க வெச்சேன். அவங்க குரல்ல ஒரு குறையும் இல்ல'ன்னு. கோபிநாத் தலையக் குனிஞ்சுக்கிட்டான். மறுநாளே ஒரு படம் கையவிட்டுப் போச்சு. என் மன்றத்துலயே பாதி பேரு உன்னத் திட்டறான், மீதி பேரு என்னத் திட்டறான். உன்னத் திட்டறவனுங்கள நிறுத்தச் சொல்லி வீடியோ போட்டேன். இத உனக்காகப் பண்ணேன்னு சொல்ல மாட்டேன். அந்த டாக்டரம்மா அத உடனே கண்டுபுடிச்சுடறாங்க. பொய்யோட இருக்க முடியல, அதான்.

அந்தப் படம் இன்னும் ரிலீஸ் ஆகல. உன் பழைய ட்ராக் கோபிநாத்கிட்ட அப்படியே இருக்கு. திரும்ப வெக்க அந்தப் புரொடியூசர் ஒத்துக்கிட்டார். நீ 'சரி'ன்னு அவங்ககிட்ட சொன்னாப் போதும். என்கிட்ட சொல்ல வேணாம்.

சிவசங்கரிக்கு நானும் எழுதினேன். நீ சொன்னது சரி. நான் கேக்கவே இல்ல.

ராஜவேல்

*

புதுச்சேரி
28 ஜனவரி 2025

ராஜவேல்,

பழைய ட்ராக் வேணாம்னுட்டேன். அது என்கிட்ட இருந்து ஒரு தடவ போயிடுச்சு. இப்ப இருக்கறத பாடறேன்னு கோபிநாத் சாருக்கு எழுதினேன். அவரே வந்தார், கையில ஸ்வீட் பாக்ஸ், கண்ணு கலங்கி. ஜிசேல் அத்தை வாசல்லயே நிக்க வெச்சு நல்லா திட்டிட்டுதான் உள்ள விட்டாங்க.

ரெக்கார்டிங் போன வாரம். அந்த ரெண்டுல மொதல்ல எடுத்தது, முன்ன அஞ்சு கட்டை சுருதியில பாடுன பாட்டு. சரணத்துல மேல போகற எடத்துல குரல் கீறுச்சு. ரெண்டாவது தடவையும் கீறுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பேப்பரப் பாக்கற மாதிரி நடிச்சாங்க. எனக்கு வீட்டுக்கு ஓடிடலாம்னு இருந்துச்சு. ஓடியிருப்பேன். அப்ப நானே மைக்குல சொன்னேன், 'சார், ஒரு கட்டை எறக்கிப் பாக்கலாமா?' அவர் உடனே வாத்தியக்காரங்களத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

நாலு கட்டையில அது வேற பாட்டாயிடுச்சு. முன்னாடி அந்தப் பொண்ணு காதலிக்கறவ மாதிரி இருப்பா. இப்ப காதலிச்சு, வாழ்ந்து, கொஞ்சம் அடிபட்டு, இன்னும் காதலிக்கறவ மாதிரி இருக்கா. முடிச்சதும் வயலின் வாசிக்கற பெரியவர் வில்ல கீழ வெச்சுட்டு மூக்கச் சிந்துனார். சரிதாவுக்கு போன் போட்டேன். ஆமா, போன் வாங்கிட்டேன். நம்பர் உனக்குத் தரல. கோச்சுக்காத, எனக்கு இப்படி எழுதறது பிடிச்சிருக்கு.

பாட்ட உனக்கு முன்னாடியே அனுப்ப மாட்டேன். எல்லாரும் கேக்கும்போது நீயும் கேளு.

பொலின்

*

விழுப்புரம்
9 மார்ச் 2025

பொலின்,

கேட்டேன்.

சென்னையில பாத்தா கண்டுபுடிச்சுடுவாங்கன்னு எங்க ஊருப்பக்கம் ஒரு தியேட்டருக்கு வந்தேன். மாஸ்க், தலையில துண்டு. கொளஞ்சி டிக்கெட் எடுத்தான். நடுவுல ஒரு சீட்டு. ஒரு பக்கம் காலேஜ் பசங்க. இன்னொரு பக்கம் ஒரு அம்மா, தூங்கற கொழந்தைய தோள்ல போட்டுட்டு.

உன் பாட்டு வந்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. உள்ளத சொல்றேன். அந்தப் பையன் ஸ்க்ரீன்ல நின்னு சிரிக்கறான், உன் குரல் அவனச் சுத்தி வருது. எழுந்து போயிடலாமா, யாருக்காவது போன் பண்ணலாமான்னு கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. எரியட்டும்னு விட்டேன். ஒண்ணும் பண்ணாம ஒக்காந்திருந்தேன். சரணம் வந்தப்ப பக்கத்துல இருந்த அம்மா கொழந்த முதுகுல தாளம் போட்டுட்டே கண்ண மூடிக்கிட்டாங்க. அப்பதான் தோணுச்சு. இது என்னப் பத்துன பாட்டு இல்ல. அவனப் பத்துனதும் இல்ல. அந்த அம்மாவுக்கு அது என்னவோ, எனக்குத் தெரியாது. தெரியணும்னும் இல்ல. அந்த நிமிஷத்துல எரிச்சல் அடங்கி, வெறும் பாட்டா கேட்டுது.

இவ்ளோ நல்லா நீ பாடி நான் கேட்டதில்ல. முன்வரிசையில ஒத்தையா ஒக்காந்து கேட்டதெல்லாம் கேட்டதே இல்ல.

எடவேளையில பாப்கார்ன் வாங்கித் தின்னேன். முழுப் படமும் பாத்தேன். அந்தப் பையன் பரவால்ல, நல்லாத்தான் நடிக்கறான். ரெண்டாம் பாதி நீளம்.

ஒண்ணும் கேக்கறதுக்கு இத எழுதல. சொல்லணும்னு தோணுச்சு.

ராஜவேல்

*

புதுச்சேரி
2 ஏப்ரல் 2025

ராஜவேல்,

உன் லெட்டர அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், சத்தமா, என் குரல்லயே. வயிறு எரிஞ்சுதுங்கற எடத்துல அவர் சிரிச்சார். 'இவன் முன்னாடி இப்படி எழுதியிருந்தா என் கை ஒழுங்கா இருந்திருக்கும்'னார். அப்புறம் 'ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லு'ன்னார்.

நானும் அதையேதான் நெனச்சுட்டிருந்தேன். அவர் சொன்னதால சொல்றேன்னு எடுத்துக்காத.

கல்யாணத்தப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. நிறைய பாட்டு வந்திருக்கு, எல்லாம் நாலு கட்டையில. ஜூன்ல பாரிஸ்ல ஒரு கச்சேரி. பாடணும், ஊரு சுத்தணும், சில நாள் யாரு நெனப்பும் இல்லாம தூங்கணும். அதுக்கு நடுவுல உன்னப் பாக்கணும்னும் இருக்கு. அத மறைக்கல. ஆனா போன தடவ மாதிரி அது என்ன முழுங்கிடக்கூடாது. உன்னையும்.

வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஒரு வார நாள்ல வா. கொளஞ்சி அண்ணன் ஓட்டிட்டு வரட்டும், அத்தை மீன் கொழம்பு வெக்கறாங்க. அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு. அவர் உன்ன குண்டு உருட்டக் கூப்புடுவார், போய்த் தோத்துட்டு வா. சாப்புடலாம். நீ பேசு, நான் பேசறேன். இப்ப என் குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும், பயந்துடாத.

சாயங்காலம் ஆனதும் கெளம்பு. நாம ரெண்டு பேரும் எப்பப் பாத்தாலும் சண்டையில பிரிஞ்சிருக்கோம், இல்லன்னா ஒருத்தர ஒருத்தர் போகவே விட்டதில்ல. இந்தத் தடவ நீ எழுந்து நின்னு, 'போயிட்டு வரேன்'னு சொல்லு.

நான் வாசல் வரைக்கும் வந்து, 'சரி'ன்னு சொல்றேன்.

பொலின்